கிளீனரின் வாயில் இருந்தது

1

நேற்றுக் காலை என் கைப்பேசிக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து வந்தது. எனக்கில்லை, கிளீனருக்கு.

கிளீனர் என்பது நாமக்கல் பரமத்தி ரோட்டில் என் அப்பா வளர்க்கும் நாய். வாழ்த்தியவர்கள் இங்கே இங்கிலாந்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் நாய்ச் சாமான் கடைக்காரர்கள். இந்த வாரத்துக்குள் நாயைக் கடைக்கு அழைத்து வந்தால் எலும்பு வடிவ பிஸ்கட் ஒரு பொட்டலம் இலவசமாம். நாயைப் பரமத்தி ரோட்டிலிருந்து எந்த பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வருவது என்று அவர்கள் சொல்லவில்லை.

தேதியைக் கொடுத்தது நான்தான். போன வருடம் அந்தக் கடைக்கு வாரம் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன். கல்லாவில் இருந்த பெண் தள்ளுபடி அட்டை போட்டுத் தருகிறேன் என்று நாயின் பெயர், எடை, இனம், பிறந்த நாள் எல்லாம் கேட்டாள். ரேஷன் கார்டுக்குக்கூட இத்தனை கேள்வி கிடையாது. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பொறந்த நாளா? அதுக்கு ஆரு ஜாதகம் எழுதி வெச்சா? ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மழையில நனஞ்சுட்டு நம்மூட்டு வாசல்ல வந்து நின்னுது. அதையே எழுதிக்கச் சொல்லு சாமி."

அப்படியே எழுதினாள். "கிளீனரா? வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுமோ?" என்று கேட்டுச் சிரித்தாள். அவளுக்கு எங்கே போய் லாரியை விளக்குவது? என் அப்பா நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். அதில் பாதிக் காலம் சொந்த வண்டி. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, டயர் தட்டிப் பார்த்து, பின்னால் நின்று 'வரலாம் வரலாம்' என்று கத்துகிறவன் கிளீனர். அம்மா இறந்த அடுத்த வருடம் அந்தச் செவலைக் குட்டி வந்து சேர்ந்தது. அப்பாவின் மொபெட்டில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. "பக்கத்துல குந்தீட்டு வாரவனுக்கு வேற என்ன பேரு வெக்கறது?" என்றார் அப்பா.

வாழ்த்தை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. ஒரு நாய் பிஸ்கட் விளம்பரத்துக்கு இப்படித் தயங்குகிற ஆள் இந்த ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏன் என்று எழுதிவிடுகிறேன். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருப்பவர்கள் கொஞ்சம் படித்துப் பார்க்க வேண்டும்.

2

போன வருடம் மாசி மாதம் அக்கா கூப்பிட்டாள். என் அக்கா சாந்தி பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். கீழே தறிகள் ஓடும், மேலே வீடு. அவள் பேசினால் பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவாள்.

"தம்பி, இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணோணும். அப்பா ஊட்டு மாடியில குடியிருக்கற வாத்தியாரோட செருப்பு ரெண்டு சோடி போச்சு. அவரு வண்டி சீட்டப் பிச்சுப்போட்டுருச்சு. மோட்டார் வயரக் கடிச்சு வெச்சிருக்குது. வாத்தியாரு வேற ஊடு பாக்கறமுங்கறாரு."

"சின்ன நாய்தானுங்கக்கா, கடிக்கத்தான் செய்யும்."

"அப்பா எங்கூட்டுக்கே வந்துரட்டும். நாய ஆருக்காச்சும் குடுத்துரலாம். இங்க நூலும் பஞ்சுமாக் கெடக்குது, இத வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அம்மா போன பொறவு அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிப் போடோணுமாங்கக்கா?" என்று கேட்டேன். "உனக்கென்ன, அங்க இருந்துட்டு என்ன வேணும்னாலும் பேசுவ" என்று வைத்துவிட்டாள். நான் அப்பாவின் பக்கம் நின்று பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைக் கேட்டதற்கு, "பல்லு ஊறுது சாமி அதுக்கு. கெட்டியா ஏதாச்சும் இருந்தா செருப்ப உட்டுரும்" என்றார். அவ்வளவுதான், எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தூரத்தில் இருப்பவனுக்கு ஒரு வேலை கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தூரத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். எதையாவது வாங்கி அனுப்பினால் தீருகிற கஷ்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

என் மகள் யாழினிக்குப் பதின்மூன்று வயது. தமிழ் அவளுக்குக் காதில் இருக்கிறது, நாக்கில் இல்லை. அவளையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமைகளில் கடைக்குப் போனேன். நாய்களை அங்கே பல்லை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். மெதுவாகக் கடிப்பது, நடுத்தரம், முரட்டுக் கடி. முரட்டுக் கடிக்கு ஒரு சுவரே ஒதுக்கியிருந்தார்கள். கிளீனர் வயரைத் தின்ற கதையைச் சொன்னதும் கல்லாப் பெண் எங்களை நேராக அந்தச் சுவருக்குக் கூட்டிப்போனாள்.

நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டுமாம். நகம் கொஞ்சம்கூட இறங்காவிட்டால் அது நாயின் பல்லை உடைத்துவிடும். ரொம்ப இறங்கினால் பத்து நிமிடம் தாங்காது. கயிற்றுப் பொம்மை வேண்டாம், நூல் வயிற்றுக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும். பந்து வாங்கினால் தொண்டையில் அடைக்காத அளவுக்குப் பெரிதாக வேண்டும். வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். "எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு எலும்பைத்தான் போடுவோம்" என்றேன். கொலையை ஒப்புக்கொண்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அந்த அலமாரியில் இன்னொன்றும் இருந்தது. காயவைத்த கோழிக்கால், கண்ணாடிக் காகிதப் பொட்டலத்தில், ரிப்பன் கட்டி. கோழிப்பண்ணை ஊரான நாமக்கல்காரனுக்கே கோழிக்காலா! நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். யாழினி கூச்சப்பட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். இப்போதெல்லாம் நான் எதற்குச் சிரித்தாலும் அவள் இரண்டடி தள்ளித்தான் நிற்கிறாள். ஆனால் ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்ப்பதில் அவள்தான் கெட்டிக்காரி. முதலில் ஒரு சிவப்பு ரப்பர் பொம்மையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். உள்ளே பொள்ளலாக இருக்கும், தின்பண்டம் வைத்துக் கொடுக்கலாம். அடுத்த வாரம் கறுப்பு வளையம். அதற்கடுத்து நேபாளத்திலிருந்து வந்த காய்ந்த பால்கட்டி. நேபாளத்துக்காரர் இங்கே அனுப்பியதை நான் திரும்பவும் அதே திசைக்கு அனுப்பினேன்.

3

அனுப்புவது என்ன சுலபமா? முதல் பொட்டலம் சென்னைச் சுங்கத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து அப்பாவுக்குப் போன்.

"ஆதார் நம்பர் சொல்லுங்க. பொருள் யாரோட சொந்த உபயோகத்துக்கு?"

"நாய்க்குங்க."

"நாய் பேர்ல எல்லாம் எடுக்க முடியாதுங்க ஐயா."

"அப்ப எனக்குன்னே போட்டுக்கங்க. நானே கடிச்சுக்கறேன்."

இதை அப்பா என்னிடம் நடித்தே காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கோழிக்கால் பொட்டலம் மட்டும் தப்பவில்லை. விலங்குப் பொருளுக்கு அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டு, பல வாரம் எங்கெங்கோ கிடந்து, என் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தது. நாற்றம் சொல்லி முடியாது. பிறகு மாவு பிஸ்கட்டாகவே அனுப்பினேன்.

நான் பேசுவது என் மதிய உணவு இடைவேளையில். ஊரில் அப்போது சாயங்காலம். வீடியோவில்தான் பேசுவோம், ஆனால் படத்தில் வருவது கிளீனர். அப்பாவின் குரல் மட்டும் பின்னாலிருந்து வரும். சனிக்கிழமைகளில் யாழினியும் வந்து "தாத்தா, கிளீனரைக் காட்டுங்க" என்பாள். அவளுக்குச் சுத்தமாக வருகிற தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். மனுசனுக்கு நாய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுச் செலவு, விசா, வாடகை என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்கும் அது வசதியாக இருந்தது.

பொய் என்று வந்துவிட்டதால் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாக அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். அவரும் 'பையன் லண்டன் ஆஸ்பத்திரியில இருக்கான்' என்று ஊரெல்லாம் சொல்ல, கேட்டவர்கள் "ஐயோ, என்னங்க ஆச்சு?" என்று பதறியிருக்கிறார்கள். உண்மையில் நான் இருப்பது லண்டனும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. வயதானவர்கள் தங்கும் இல்லம். மேல்படிப்புக்கு வந்தவன், படிப்பு முடிந்து கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டேன், பதினோரு வருடம் ஓடிவிட்டது. அவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டிவிடுவது. எனக்கு இதில் வெட்கம் இல்லை. அப்பாவுக்கு இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அங்கே ஆர்தர் என்று ஒரு பெரியவர். அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். அவரைத் தூக்கி நிறுத்தும்போது என்னை அறியாமல் "மெதுவாங்க சாமி" என்று வந்துவிடும். கொங்குக்காரனுக்குப் பெரியவரும் சாமி, குழந்தையும் சாமி. ஆர்தர் அதுதான் என் பெயர் என்று நினைத்து என்னை 'சாமி' என்றே கூப்பிடுகிறார். நான் திருத்தவில்லை.

மாதம் ஒருமுறை அங்கே பெரியவர்கள் பிடித்து நடக்கிற எல்லா வாக்கர்களையும் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களிலும் இருக்கிற ரப்பர் புஷ்களைப் பார்ப்பது என் பொறுப்பு. சாம்பல் நிறத்தில், கொட்டாங்கச்சிக் கிண்ணம்போல் இருக்கும். அடியில் வட்ட வட்டமாகக் கோடு ஓடும். கோடு தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். ஒரு காலில் புஷ் இல்லாமல் வாக்கரைக் கொடுத்தால், அது வழுக்கி ஆளையும் சேர்த்துத் தள்ளிவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்தப் புஷ் போய்விட்டது என்று சொல்லிவிடுவேன்.

4

ஜூன் மாதம் ஒரு நாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன். போர்டிகோவில் கிளீனர் படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டுக்கும் நடுவில் எதையோ பிடித்து வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"பாரு சாமி, நீ அனுப்புன உருப்படியத்தான் கடிச்சுட்டுக் கெடக்குது. நாலு நாளாச்சு, பிய்ய மாட்டீங்குது. நல்ல சாமான்தான் போ."

எனக்கு அப்படி ஒரு பெருமை. "எதுங்கப்பா, செவப்பா கறுப்பா?"

"அதுதான் சாமி, அந்த ரப்பரு."

நாய் அதைப் புரட்டியது. சிவப்பு இல்லை, கறுப்பும் இல்லை. சாம்பல் நிறம். கிண்ணம்போல் ஒரு பக்கம் குழி. அடிப்பக்கம் வட்ட வட்டமாகக் கோடு.

டப்பாவைத் தள்ளி வைத்தேன். அன்று காலையில்தான் அதே போன்ற ஒன்றை ஆர்தரின் வாக்கரிலிருந்து கழற்றிப் புதிதாக மாட்டியிருந்தேன்.

"அப்பா, நம்மூட்டுல வாக்கர் எதுக்குங்க?"

"என்ன வாக்கரு?" என்றார்.

"போனக் கொஞ்சம் உங்க பக்கம் திருப்புங்கப்பா."

"சார்ஜ் இல்ல சாமி, வெச்சர்றேன்" என்று வைத்துவிட்டார்.

5

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினாள். "மாமாவோட சித்தப்பாவுக்கு வாங்குனது" என்றாள். நான் சத்தம் போட்டதும் அழுதுவிட்டாள். தறிச் சத்தத்தை மீறிக் கேட்டது அந்த அழுகை.

அப்பா தை மாதமே விழுந்திருக்கிறார். காலையில் குளிக்கப் போனவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உள்ளே தாழ். கூப்பிடக் குரல் வரவில்லை. கிளீனர்தான் கதவைப் பிராண்டிக் குலைத்துக் குலைத்து மாடி வாத்தியாரைக் கீழே வரவைத்திருக்கிறது. அவர் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். சேலத்துக்குக் கொண்டுபோய், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்துத் தைத்தார்களாம்.

"தைப்பூசத்துக்குப் பழனி நடக்கப் போயிருக்காருன்னு சொன்னீங்களேக்கா!"

"வேற என்னத்தச் சொல்றது? வருசா வருசம் போறவருதான, நீ நம்பிக்குவேன்னு அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னாரு."

நம்பினேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார் என்றதையும் நம்பினேன். அந்த நாட்களில் எனக்குப் பழைய நாய் வீடியோக்களை அனுப்பி ஒப்பேற்றியிருக்கிறார்கள். மாசியில் இங்கே வந்த ஒருவரிடம் பழனிப் பஞ்சாமிர்தம் ஒரு டப்பா கொடுத்துவிட்டிருந்தாள். அப்பா நடந்து போய் வாங்கி வந்த பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். நிற்கவே முடியாமல் கட்டிலில் கிடந்திருக்கிறார் மனுசன், நான் விரலைச் சூப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தூரத்துல இருக்கறவனுக்குச் சொல்லி என்ன பண்றது, அங்க ஒக்காந்து மனசு ஒடஞ்சு போவான், வேலைய உட்டுட்டு ஓடியாருவான்னு சத்தியம் வாங்கீட்டாருடா. அதுக்குத்தான் எங்கூட்டுக்கு வந்துரட்டும்னேன். கால் முடியாதவரு தனியா இருக்கறாருன்னு சொல்ல முடியாம நாயச் சாக்கு வெச்சேன். நீ என்ற மேலயே எரிஞ்சு உழுந்த."

ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். சொல்லாமல் விட்டால் எங்களுக்கு மனசு உடையாது என்று யார் சொன்னது? மொத்தமாகச் சேர்த்து ஒரே நாளில் உடைகிறது, அவ்வளவுதான்.

நாய் ஏன் கடித்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் அப்பா அதைச் பரமத்தி ரோட்டு முக்கு டீக்கடைவரை நடத்திக் கூட்டிப்போய் வருவார். தையோடு அது நின்றுவிட்டது. ஐந்து மாதமாக வாசலைத் தாண்டாத நாய் செருப்பைக் கடிக்காமல் என்ன செய்யும்? நான் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தேன், அது நடக்கக் காத்துக்கொண்டிருந்தது.

யாழினியிடம் சொன்னேன். தாத்தா விழுந்துவிட்டார், நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். "கிளீனருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சுள்ளென்று வந்தது, கை ஓங்கியிருப்பேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாகத் தினமும் போன் செய்த நான் வேறு என்ன கேட்டேன்?

அவசர விடுப்புப் படிவத்தில் 'சம்பவம் நடந்த தேதி' என்று ஒரு கட்டம். ஜனவரி என்று எழுதினேன். மேலாளர் அம்மா நல்லவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது ஜூன் மாதம், தெரியுமல்லவா?" என்று கேட்டார். ஜனவரியில் விழுந்தவருக்காக ஜூனில் அவசரமாகப் போக விதியில் இடமில்லை. வருட விடுப்பில் மிச்சமிருந்த இரண்டு வாரத்தை எடுத்துக்கொண்டேன்.

6

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஹால் ஷோகேஸ். அம்மாவின் படம், என் பட்டமளிப்புப் படம், அப்பாவின் பழைய லாரி போலச் செய்த மரப் பொம்மை. அதற்குப் பக்கத்தில் வரிசையாக, நான் அனுப்பிய அத்தனை நாய்ப் பொம்மைகளும். ஒன்றின் கவரும் பிரிக்கவில்லை. விலைச் சீட்டு முதற்கொண்டு அப்படியே இருந்தது.

"ஏனுங்கப்பா இது?"

"நீ அனுப்புனதப் போயி நாய் வாயில குடுத்துப் பிச்சுப்போடறதா? வாரவங்களுக்குக் காட்டோணுமல்லோ, என்ற பையன் அங்கிருந்து அனுப்புனதுன்னு."

பிஸ்கட்டுகள் எவர்சில்வர் டப்பாவில் போய், வந்த விருந்தாளிகளுக்கு டீயோடு கொடுத்துத் தீர்ந்திருந்தன. அக்கா வீட்டுக்காரர் இரண்டு தின்றுவிட்டு "சக்கர கொஞ்சம் கம்மி" என்றாராம்.

வாக்கர் கதவுக்குப் பின்னால் மடக்கிக் கிடந்தது. மூன்று காலில் புஷ், ஒரு காலில் வெறும் கம்பி. அப்பா அதைத் தொடுவதே இல்லையாம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எட்டு டன், பத்து டன் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய மனுசன் ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போக மூன்று இடத்தில் நின்றார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் காலண்டரைப் பார்ப்பதுபோல் நின்றார்.

மறுநாள் காலை, "நானே குளிச்சுக்குவேன், நீ போ" என்றார். போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். முதலில் தோளில் ஒரு துண்டு. வெந்நீரைக் கையில் பார்த்துவிட்டு முதலில் பாதத்தில் ஊற்றினேன். உடம்பு பழகட்டும் என்று பொறுத்து முழங்கால், பிறகு முதுகு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் "ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன். தையல் தழும்பு இருந்த பக்கத்தைத் தொடாமல் கக்கத்தில் கை கொடுத்து எழுப்பி, திருப்பி உட்காரவைத்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கத்துக்கிட்ட?"

சொல்லிவிட்டேன். "ஆஸ்பத்திரி இல்லீங்கப்பா. வயசானவங்க இருக்கற ஊடு. அவங்களக் குளிக்க வெக்கறது, துணி மாத்தறது, ஊட்டி உடறது. அதுதான் என்ற வேலை."

"எத்தன வருசமா?"

"பதினொண்ணு ஆச்சுங்க."

வாசலில் கிளீனர் உள்ளே வர முடியாமல் முனகிக்கொண்டிருந்தது. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார், தண்ணீரைத்தானா என்று எனக்குத் தெரியாது.

"நானும் சொல்லுல, நீயும் சொல்லுல. சரிக்குச் சரியாப் போச்சு" என்றார். அப்புறம், "அங்க ஆரார் ஊட்டுப் பெரியவங்களோ உன்ற கையில குளிக்கறாங்க. எனக்கு இன்னைக்குத்தான் முறை வந்துச்சாட்ட இருக்குது. முதுகுல சித்த ஊத்து" என்றார்.

நான் ஊற்றினேன். அழுதேன். இரண்டும் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு வாரமும் தினமும் கிளீனரை டீக்கடைவரை நடத்திக் கூட்டிப்போனேன். ஐந்தாவது நாள் அது செருப்புகளை மோந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. வாத்தியாருக்குப் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன். "ஏனுங்க, நான் காலையில எப்படியும் நடக்கத்தான் போறேன், நாயையும் கூட்டிட்டுப் போறனுங்க. அன்னைக்கு அது கொலைக்கலீன்னா..." என்றவர் முடிக்கவில்லை. வாக்கருக்கு நாமக்கல் கடைவீதியில் அலைந்து புதுப் புஷ் மாட்டினேன். ஷோகேஸைத் திறந்து கறுப்பு வளையத்தை அப்பாவின் கண்முன்னாலேயே பிரித்து நாய்க்குக் கொடுத்தேன். சிவப்பை எடுக்கப் போனபோது தடுத்துவிட்டார். "அது இருக்கட்டும் சாமி. ஒண்ணு தீந்தா இன்னொண்ணு."

பள்ளிபாளையத்துக்கு வரமாட்டேன் என்றார். நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். அக்கா அழுதாள், நான் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளம்பும்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட்வரை வந்தார், எனக்காக.

"இனி ஏதாச்சும் ஆச்சுன்னா மறைக்காதீங்கப்பா."

"செரி, சொல்றேன் போ. நல்லபடியாப் போயிட்டு வா."

7

நேற்று மதியம் அந்தப் பிறந்தநாள் வாழ்த்தைச் சாக்கு வைத்துக் கூப்பிட்டேன். யாழினிக்குப் பள்ளி விடுமுறை, அவளையும் அழைப்பில் சேர்த்துக்கொண்டேன். "தாத்தா, கிளீனரைக் காட்டுங்க" என்றாள். கிளீனர் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் குண்டாக இருந்தது.

இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது நாயின் வாயைத்தான். நாயின் முன்னால் சிவப்பு ரப்பர் பொம்மை கிடந்தது.

"பொறந்த நாளல்லோ, அதுதான் ஷோகேசுல இருந்து எடுத்துக் குடுத்தேன்" என்றார் அப்பா, படத்துக்கு வெளியே இருந்து.

யாழினி கைதட்டினாள். அவள் தேர்ந்தெடுத்த பொம்மை அல்லவா. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரப்பரில் ஒரு பல் தடம்கூட இல்லை. விலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. இன்றைக்குத்தான் கொடுத்தேன் என்கிறாரே, உண்மையாகவே இருக்கலாம். இப்போதுதான் கொண்டுவந்து நாயின் முன்னால் வைத்ததாகவும் இருக்கலாம்.

"வாத்தியாரு காலையில நாயக் கூட்டிட்டுப் போறாருங்களா?"

"போறாரு, போறாரு."

"வாக்கர் புடிச்சு நடக்கறீங்களா?"

"அதெல்லாம் நடக்கறேன்."

"போன உங்க பக்கம் திருப்புங்கப்பா."

"என்ற மூஞ்சியில என்னத்தப் பாக்கப் போற? சார்ஜ் இல்ல சாமி."

படம் போய்விட்டது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் தறிச் சத்தம் இல்லை.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு தம்பி" என்றாள்.

நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.